தவறு வேறு, போலி வேறு

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம். சீனியர் ஒருவர் எழுதிய டிசைன் டாக்குமெண்டின் கீழே, "உங்கள் வாதம் ஸ்பீஷியஸ்" என்று ஆங்கிலத்தில் ஒரு கமெண்ட் போட்டேன். ஜிஆர்இ தேர்வுக்காக நான் எழுதி வைத்திருந்த அட்டையில் அந்தச் சொல்லுக்கு நேராக 'தவறான' என்று இருந்தது. 'ராங்' என்று சொல்வதைக் கொஞ்சம் மிடுக்காகச் சொன்னதாக நினைப்பு. அவர் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு டீ குடிக்கும்போது கேட்டார்: "தப்புன்னு சொல்லியிருந்தா திருத்தியிருப்பேன். நான் ஏமாத்துறேன்னு ஏம்பா எழுதுன?"

வெளியே பார்க்கச் சரியாகத் தெரியும், உள்ளே பொருந்தாது. ஸ்பீஷியஸ் என்றால் அதுதான். அட்டையில் பாதிப் பொருள் விடுபட்டிருந்தது.

ஆங்கிலச் சொல்வளம் பெருக வேண்டுமானால் தத்துவம் படி என்று ஓர் அறிவுரை உண்டு. அந்த அவமானத்துக்குப் பிறகு நானும் அதைப் பிடித்துக்கொண்டேன். முதலில் பெர்ட்ரண்ட் ரஸலின் 'தத்துவத்தின் சிக்கல்கள்'. 1912இல், பொது வாசகர்களுக்கான நூல்வரிசை ஒன்றுக்காக எழுதப்பட்ட சிறிய புத்தகம். பென்சிலோடு உட்கார்ந்தேன், ஏமாந்தேன். முதல் அத்தியாயம் முழுக்க ஒரு மேசை. அதன் நிறம் வெளிச்சத்துக்கு ஏற்ப மாறுகிறது, வடிவம் நாம் நிற்கும் இடத்துக்கு ஏற்ப மாறுகிறது. அப்படியானால் உண்மையான மேசை எது? கேள்விதான் பெரிது, சொற்கள் பெரும்பாலும் பள்ளிப் பையனுக்குத் தெரிந்தவை.

ஐந்தாவது அத்தியாயத்தில்தான் எனக்கு உறைத்தது. அங்கே 'அக்வெயின்டன்ஸ்' என்ற சொல் வருகிறது. நமக்குத் தெரிந்த பொருளில், நண்பர் என்று சொல்லும் அளவுக்கு நெருக்கமில்லாதவர், சும்மா பழக்கம். ரஸல் அதைத் தலைகீழாக்குகிறார். இடையில் ஊகம் எதுவும் இல்லாமல் நேரடியாக அறிவதற்கு அவர் வைக்கும் பெயர் அது. மேசையின் பழுப்பு நிறம் எனக்கு அப்படித் தெரியும். மேசை அப்படித் தெரியாது, விவரிப்பின் வழியாகத்தான் தெரியும். மேலோட்டமான பழக்கத்தைக் குறிக்கும் சொல் இங்கே மிக நெருக்கமான அறிதலைக் குறிக்கிறது. எந்த அட்டையிலும் இதை எழுத முடியாது. அந்த வேறுபாடு ஏன் தேவைப்பட்டது என்று புரிந்தால்தான் சொல் கைக்கு வரும்.

அடுத்து பெர்க்லி. 1713இல் வெளிவந்த உரையாடல் நூல். ஹைலஸ், ஃபிலோனஸ் என்று இருவர் பேசிக்கொள்கிறார்கள். அதில் 'சென்சிபிள்' என்ற சொல்லைப் பார்த்து 'விவேகமான' என்று படித்தால் ஒரு பக்கம்கூடத் தாண்ட முடியாது. அங்கே அதற்குப் புலன்களால் அறியப்படுவது என்று பொருள். பழைய தத்துவ நூல்களை வைத்துச் சொல் கற்பவர்களுக்கு இது ஓர் எச்சரிக்கை: சொற்களுக்கும் வெர்ஷன் உண்டு.

ஆனால் ஸ்பீஷியஸ் என்ற சொல் எதற்காக இருக்கிறது என்று எனக்குக் காட்டியது அந்த நூல்தான். கடும் வெப்பம் என்பதே ஒரு வலி, வலி மனதில்தான் இருக்க முடியும் என்கிறார் ஃபிலோனஸ். வலி வெப்பத்தின் விளைவு, வெப்பம் வேறு என்று ஹைலஸ் தப்பிக்கப் பார்க்கிறார். நெருப்பருகே கை வைக்கும்போது உனக்கு ஓர் உணர்வா, இரண்டா என்று ஃபிலோனஸ் மடக்குகிறார். ஹைலஸ் பணிந்துவிடுகிறார். நானும் முதல் வாசிப்பில் பணிந்தேன். பிறகு உறுத்தியது. எனக்கு உணர்வு ஒன்றாக வருகிறது என்பதாலேயே நெருப்பில் தனியாக எதுவும் இல்லை என்று எப்படி ஆகும்? அச்சொல்லுக்குப் பொருத்தமானவர் தோற்ற ஹைலஸ் இல்லை, ஜெயித்த ஃபிலோனஸ்! முதலில் மயங்கி, பிறகு விழித்துக்கொண்ட ஒருவருக்குத்தான் இந்தச் சொல் தேவைப்படுகிறது. மயங்காத இடத்தில் 'தவறு' போதும்.

மூன்று மாதத்தில் தேர்வு என்றால் இந்த வழி உதவாது, அட்டைதான் கதி. மறுக்கவில்லை. ஆனால் அட்டை தருவது அடையாளம் காணும் திறனை மட்டும். ஒரு சொல்லை இன்னொருவர் மீது பிரயோகிக்கும் உரிமையை அது தருவதில்லை.

இதற்கான தமிழ்ச்சொல் மணிமேகலையில் இருந்தது எனக்கு வெகு தாமதமாகத்தான் தெரிந்தது. இருபத்தொன்பதாவது காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருக்கம் சொல்லித் தருகிறார். மலையில் நெருப்பு இருக்கிறது என்பது பக்கம்; புகை தெரிவது ஏது; சமையலறை எடுத்துக்காட்டு. பிறகு, ஏது போலத் தோன்றி ஏது ஆகாதவற்றை வகைப்படுத்துகிறார். பெயர், ஏதுப்போலி. வடமொழித் தருக்கத்திலிருந்து வந்த கருத்துதான். வெறும் தோற்றம் என்ற பொருள் கொண்ட 'ஆபாசம்' என்ற சொல்லுக்கு ஈடாக இங்கே 'போலி' நிற்கிறது. சாத்தனாரும் அயல்மொழிச் சொல்லை வாதத்தோடு சேர்த்துத்தான் வாங்கியிருக்கிறார். அதனால்தான் பாதி விடுபடவில்லை.

என் அட்டையில் 'போலி' என்று எழுதியிருந்தால் அந்தக் கமெண்டைப் போட்டிருக்க மாட்டேன். அண்மையில் அந்த டாக்குமெண்டைத் தேடி எடுத்து மறுபடி படித்தேன். அவருடைய வாதம் போலி இல்லை. தவறுகூட இல்லை. எனக்குத்தான் அன்று புரியவில்லை.