கண்ணாடியை யார் எடுத்துக் கொடுப்பது?

எழுபத்தெட்டு வயதில் என் பெரியம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிவு. ஆபரேஷன் நல்லபடியாகவே முடிந்தது. அன்று ராத்திரி ஐசியுவில் சலைன் ஊசியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, "மாட்டுக்குத் தண்ணி காட்டணும், விடுங்கடி" என்று எழுந்திருக்கப் பார்த்தாராம். மாட்டை விற்று இருபது வருஷம் ஆகிறது. காலையில் என்னை உள்ளே விட்டபோது, தன் தம்பி வந்திருப்பதாக நினைத்துப் பேசினார். அவருடைய மூக்குக்கண்ணாடி, காது மிஷின், பல்செட் மூன்றும் ஒரு பாலிதீன் பையில் என் கையில் இருந்தன. ஆபரேஷனுக்கு முன் கழற்றிக் கொடுத்தது. திரும்பக் கேட்டு வாங்க யாருக்கும் தோன்றவில்லை. கொடுக்க எங்களுக்கும் தோன்றவில்லை.

"மயக்க மருந்து புத்தியைக் கெடுத்துடுச்சு" என்றார்கள் உறவினர்கள். இது பழைய சந்தேகம். ஆபரேஷனுக்குப் பின் முதியவர்களின் மூளை பாதிக்கப்படுவதைப் பற்றி 1955-இலேயே லான்செட் இதழில் பெட்ஃபோர்டு என்ற பிரிட்டிஷ் மருத்துவர் எழுதினார். 1998-இல் அதே இதழில் வந்த பன்னாட்டு ஆய்வு, பெரிய அறுவை சிகிச்சை செய்துகொண்ட, 60 வயதைத் தாண்டிய 1,218 பேரைச் சோதித்தது. ஒரு வாரத்தில் 25.8 சதவீதம் பேரிடமும், மூன்று மாதத்தில் 9.9 சதவீதம் பேரிடமும் நினைவிலும் கவனத்திலும் சரிவு தெரிந்தது. ஆபரேஷனில் ரத்த அழுத்தம் இறங்கியதோ ஆக்சிஜன் குறைந்ததோ காரணம் என்று எதிர்பார்த்தார்கள், அப்படி நிரூபணமாகவில்லை. மூன்று மாதச் சரிவோடு தெளிவாகத் தொடர்பு காட்டியது வயது ஒன்றுதான்.

இங்கே இரண்டு தொல்லைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதல் சில நாட்களில் வந்து, ஏறி இறங்கும் மனக்குழப்பம் ஒன்று; டெலிரியம் என்பது அதுதான். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நீளும் நினைவுச் சரிவு மற்றொன்று. முன்னது வந்தவர்களுக்குப் பின்னது வரும் வாய்ப்பு அதிகம். ஆனால் முன்னதைத் தடுத்தால் பின்னதும் நின்றுவிடும் என்பது இன்னும் உறுதிப்படவில்லை. மூளையைக் காப்பதாகச் சொல்லப்படும் எந்த முறையையும் இந்த எல்லைக்குள் வைத்துத்தான் எடைபோட முடியும்.

குடும்பங்கள் முதலில் கேட்பது, "முழு மயக்கம் வேண்டாம், முதுகுல ஊசி போட்டுச் செய்யலாமா?" என்பது. கேள்வி நியாயமானது. பதில் 2021-இல் கிடைத்தது. இடுப்பு முறிந்த 1,600 பேரிடம் இரண்டு முறைகளையும் ஒப்பிட்டதில், முதுகு ஊசிக்காரர்களில் 20.5 சதவீதமும் முழு மயக்கக்காரர்களில் 19.7 சதவீதமும் குழம்பினார்கள். முதுகு ஊசியோடு தூக்க மருந்தும் கொடுப்பதால்தான் வித்தியாசம் தெரியவில்லை என்று வாதிடலாம். தூக்க மருந்தே இல்லாமல் சீனாவில் 950 பேரிடம் நடந்த ஆய்விலும் வித்தியாசம் வரவில்லை. முதுகு ஊசியைத் தேர்ந்தெடுக்க வேறு நல்ல காரணங்கள் இருக்கலாம். நினைவைக் காக்கும் என்பது அவற்றில் ஒன்றல்ல.

அடுத்தது, நெற்றியில் ஒட்டி மூளை அலையைப் பார்க்கும் மானிட்டர். மயக்கம் தேவைக்கு மேல் ஆழமாகாமல் பார்த்துக்கொள்வது இதன் வேலை. 2013-இல் ஹாங்காங்கில் 921 பேரிடம் சோதித்தபோது குழப்பம் 24.1 சதவீதத்திலிருந்து 15.6 ஆகக் குறைந்தது. 2019-இல் அமெரிக்காவில் 1,232 பேரிடம் சோதித்தபோது பலனில்லை: மானிட்டரைப் பார்த்து மயக்கம் கொடுக்கப்பட்டவர்களில் 26, மற்றவர்களில் 23 சதவீதம். அளவுக்கு மீறி மயக்காமல் இருப்பது நல்ல வைத்தியம்தான். ஆனால் மானிட்டர் இருப்பதால் நினைவுக்கு ஆபத்தில்லை என்று ஒரு குடும்பத்திடம் உறுதி சொல்ல, முரண்படும் இந்த முடிவுகள் போதாது.

மூன்றாவது வழி, ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே, கட்டிலோரத்தில் இருக்கிறது. யேல் பல்கலைக்கழகத்தில் ஷாரன் இனோயி உருவாக்கிய திட்டம் அது. கண்ணாடியையும் காது மிஷினையும் மாட்டிவிடுவது, இன்று என்ன கிழமை, இது எந்த இடம் என்று சொல்லிக்கொண்டே இருப்பது, தண்ணீர் குடிக்க வைப்பது, எழுப்பி நடக்க வைப்பது, ராத்திரி மாத்திரைக்குப் பதில் வெதுவெதுப்பான பாலும் அமைதியும் தருவது. 1999-இல் வெளியான ஆய்வில், 70 வயதைத் தாண்டிய 852 பேரிடம் குழப்பம் 15 சதவீதத்திலிருந்து 9.9 ஆகக் குறைந்தது.

இதற்கும் குறைகள் உண்டு. அவர்கள் அறுவை சிகிச்சைக்கு வந்தவர்கள் அல்லர், பொது மருத்துவ வார்டு நோயாளிகள். குழப்பம் வந்துவிட்டவர்களுக்கு அதன் கடுமையை இந்தக் கவனிப்பு குறைக்கவில்லை. வருமுன் காப்பது மட்டுமே இதனால் முடிந்தது. பயிற்சி பெற்ற தொண்டர்களை நம்பி நடந்த திட்டம் என்பதால், ஆள் இல்லாத இடத்தில் நின்றுபோகும்.

முதல் குறைக்கும் மூன்றாவது குறைக்கும் சீனாவின் செங்டு நகரில் ஒரு பதில் கிடைத்தது. ஆபரேஷன் செய்துகொண்ட 281 முதியவர்களில் ஒரு பகுதியினருக்கு, குடும்பத்தாரையே பழக்கி இதே கவனிப்பைக் கொடுத்தார்கள். 2020-இல் வெளியான முடிவு: வழக்கமான கவனிப்பில் 19.4 சதவீதம், குடும்பம் சேர்ந்த கவனிப்பில் 2.6. ஒரே ஆஸ்பத்திரி, சின்ன எண்ணிக்கை என்பதால் இதை அப்படியே எல்லா இடத்துக்கும் பொருத்த முடியாது. ஆனாலும் நோயாளிக்குப் பக்கத்தில் அட்டெண்டர் இல்லாத வார்டையே காணமுடியாத நம் ஊருக்கு இதைவிட நெருக்கமான சான்று வேறில்லை. ஆள் நம்மிடம் இருக்கிறது. அவரை மருந்து வாங்கவும் பில் கட்டவும் அனுப்புகிறோம். என்ன பேச வேண்டும், எப்போது நடக்க வைக்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தருவதில்லை. மிகவும் தேவைப்படும் ஐசியுவின் முதல் ராத்திரியில் அவரை வெளியே நிறுத்துகிறோம்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. குடும்பம் என்று சொன்னாலும் கண்விழிப்பது பெரும்பாலும் மகளோ மருமகளோதான். நர்ஸ் பற்றாக்குறையை அந்தப் பெண்களின் தூக்கத்தால் ஈடுகட்டும் திட்டமாக இது மாறினால், அது நீதியாகாது. எனவே பொறுப்பு ஆஸ்பத்திரியிடம் இருக்க வேண்டும், குடும்பம் துணை நிற்க வேண்டும்.

வேலை ஆபரேஷனுக்கு முன்பே தொடங்க வேண்டும். "ஃபிட்னஸ் வாங்கிட்டு வாங்க" என்று அனுப்பும்போது சுகர், பிரஷர், ஈசிஜி எல்லாம் பார்க்கிறார்கள். மூன்று சொற்களைச் சொல்லித் திரும்பக் கேட்பதற்கும், ஒரு கடிகார முகத்தை வரையச் சொல்வதற்கும் மூன்று நிமிஷம் போதும். அதை முன்பே செய்திருந்தால் யாருக்கு ஆபத்து அதிகம் என்று தெரியும். பின்னால் நினைவு குறைந்ததா, முன்பே குறைந்திருந்ததா என்றும் தெரியும்.

பெரியம்மா நான்காம் நாள் தெளிந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்து, "எப்படா வந்தே?" என்று கேட்டார். கண்ணாடிதான் அவரைத் தெளிய வைத்தது என்று நான் சொல்லமாட்டேன். அதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் முதல் ராத்திரியே அது அவர் முகத்தில் இருந்திருக்க வேண்டும். ஆன்டிபயாட்டிக் எத்தனை மணிக்கு, யார் கொடுத்தது என்று கேஸ் ஷீட்டில் எழுதுகிறோம். கண்ணாடி, காது மிஷின், தண்ணீர், நடை, தூக்கம் என்ற ஐந்து வரிகளையும் அதே தாளில், அதே கையெழுத்தோடு எழுத வேண்டும்.