மூடுபனிக்கு ஏற்ற கண்ணாடி: மலையகத்தில் எந்தப் பைனாகுலர் காசுக்குத் தகும்?

1848இல் நுவரெலியாவில் பண்ணை அமைத்துக் குடியேறிய சாமுவேல் பேக்கர், வேட்டை நாய்களை ஏவி மரைகளைத் துரத்தினார். அந்த வேட்டைகளைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார். ஹோர்ட்டன் சமவெளியில் உள்ள பேக்கர் நீர்வீழ்ச்சிக்கு அவர் பெயர்தான். அவருக்கு முன்பே, ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகச் சொல்லப்படும் மேஜர் ரொஜர்ஸ், 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். அவருடைய கல்லறை நுவரெலியாவில் இருக்கிறது. அந்தக் காலத்து வேட்டையில் மலைக்காட்டு யானைகள் பெருமளவு அழிந்தன. ஹோர்ட்டன் சமவெளியில் இன்று யானை கிடையாது. மரைகள் மட்டும் மீண்டும் பெருகி, காலையில் பாதையோரத்திலேயே மேய்கின்றன.

இப்போது மரையையோ சிறுத்தையையோ சுடுவது குற்றம். 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அவற்றைக் காக்கிறது. ஹோர்ட்டன் சமவெளி 1988இல் தேசியப் பூங்காவானது. 2010இல் மத்திய மலைநாட்டு உலக மரபுரிமைப் பகுதியிலும் சேர்ந்தது. விலங்கையும் பறவையையும் தேடி மலையேறுகிறவர் இன்று கழுத்தில் மாட்டிச் செல்வது பைனாகுலர். அதை நல்லதாகத் தேர்ந்தெடுக்கத் தெரியாமல் காசை வீணாக்குகிறவர்கள்தான் அதிகம்.

பைனாகுலர் சுற்றுலாப் பயணிக்கு மட்டும் உரிய பொருள் என்ற எண்ணம் தோட்டங்களில் இன்னும் இருக்கிறது. ஆனால் அதிகம் தேவைப்படுவது தோட்டத்தில் வாழ்கிறவருக்குத்தான். கொழுந்து பறிக்க ஆட்களை மலைக்குள் இறக்குமுன், உயர்ந்த நிழல்மரக் கிளைகளில் குளவிக் கூடு தொங்குகிறதா என்று தூரத்தில் நின்றே பார்க்க வேண்டும். குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போன தொழிலாளர் இல்லாத தோட்டத்தைக் காண்பது அரிது, உயிர்களும் போயிருக்கின்றன. தேயிலைக்கிடையே சிறுத்தை படுத்திருப்பதாகத் தகவல் வந்தால், கிட்டப் போகாமல் உறுதிசெய்ய வேண்டும். 2020 மே மாதம் நல்லதண்ணி, லக்ஷபான தோட்டப் பகுதியில் கம்பிக் கண்ணியில் சிக்கிய கருஞ்சிறுத்தை சில நாட்களில் இறந்தது. இப்படிச் சிக்கிய விலங்கை நெருங்காமல் அடையாளம் கண்டு வனசீவராசிகள் அதிகாரிகளுக்கு அறிவிக்கவும் கையில் ஒரு கண்ணாடி வேண்டும். பறவை காட்டும் வழிகாட்டிகளாகும் தோட்டத்து இளைஞர்களுக்கோ அது தொழிற்கருவி.

முதலில் பெட்டியில் அச்சிட்ட எண்களைப் படிக்கத் தெரிய வேண்டும். 8x42 என்றால் உருப்பெருக்கம் எட்டு மடங்கு. பொருள்வில்லையின் விட்டம் 42 மில்லிமீற்றர். வேட்டை அனுமதிக்கப்பட்ட நாடுகளில் துப்பாக்கிக்கு மேல் பூட்டும் ஸ்கோப்பில் 3-9x40 என்று எழுதியிருப்பதும் இதே கணக்குத்தான். அங்கேயும் புதிதாக வாங்குகிறவர் பெரிய உருப்பெருக்கத்துக்கு ஆசைப்பட்டு, மங்கிய வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாமல் திண்டாடுகிறார்.

இரண்டாவது எண்ணை முதலாவதால் வகுத்தால், கண்ணுக்குள் வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 8x42இல் அது 5.25 மி.மீ.; 10x42இல் 4.2; சட்டைப் பைக்குள் அடங்கும் 10x25இல் வெறும் 2.5. பட்டப்பகலில் கண்மணி 2 அல்லது 3 மி.மீ. அளவுக்குச் சுருங்குவதால் வித்தியாசம் தெரியாது. விடியலிலும் அடர்காட்டு நிழலிலும் கண்மணி 5 மி.மீ.க்கு மேலும் விரியும். அப்போதுதான் சின்னக் கண்ணாடியின் வறுமை வெளிப்படும்.

ஹோர்ட்டன் சமவெளிக்குப் போகும் வழியில் உள்ள அரெங்கா குளத்தில் இதைக் கண்ணாலேயே காணலாம். இலங்கைக்கே உரிய சீகாரப் பூங்குருவியைப் பார்க்க அங்கே சூரியன் எழுமுன் போய் நிற்பார்கள். கருநீலப் பறவை, கறுப்பு நிழலில், பாசி படிந்த கற்களுக்கிடையே அசையும். 10x25 வழியே பார்த்தால் ஏதோ ஒரு நிழல் நகர்கிறது. அதே இடத்தை 8x42 வழியே பார்த்தால் தோளில் நீலப் பளபளப்பு தெரிகிறது. அது எந்தப் பறவை என்ற சந்தேகம் தீர்கிறது. உருப்பெருக்கம் குறைந்த கண்ணாடிதான் அதிகம் காட்டுகிறது.

பத்து மடங்கு பெருக்கம் வேறு வகையிலும் மலையில் தொல்லை தரும். 2,100 மீற்றர் உயரத்தில் ஏற்றம் ஏறி மூச்சு வாங்கும்போது கை நடுங்கும். அந்த நடுக்கமும் பத்து மடங்காகும். பார்வைப் பரப்பும் சுருங்கும். நுவரெலியா விக்டோரியா பூங்காவில், ஓடையோரப் புதருக்குள் தாவித் தாவி மறையும் காஷ்மீர் ஈப்பிடிப்பானைச் சுருங்கிய பரப்புக்குள் பிடிப்பது கஷ்டம். மூடுபனியை ஊடுருவும் பைனாகுலர் என்று எதுவும் இல்லை. பெருக்கத்தைக் கூட்டினாலும் இடையில் நிற்கும் பனி விலகாது; படம் வெளிறியே இருக்கும்.

அடுத்தது ஈரம். ஹட்டனிலும் பொகவந்தலாவையிலும் மழைக்காலம் தொடங்கினால் துணியே காயாது. காற்றுப் புகும் பைனாகுலரைக் குளிரிலிருந்து அறைக்குள் கொண்டுவந்ததும் உட்புறம் ஆவி படியும். துடைக்க வழியில்லை. அந்த ஈரம் நீடித்தால் வில்லையில் பூஞ்சணம் வலைபோலப் படரும். பூச்சை அரித்துவிட்டால் கண்ணாடி பழையபடி திரும்பாது. ஆகவே மலையகத்தில் வாங்கும் பைனாகுலர் நீர்புகாததாகவும், உள்ளே நைதரசன் அல்லது ஆகன் வாயு நிரப்பி மூடியதாகவும் இருக்க வேண்டும். தட்டையான வெயில் நாட்டில் இது சௌகரியம். இங்கே அடிப்படைத் தேவை.

இந்த அளவுகோலை வைத்துச் சந்தையில் கிடைக்கும் வகைகளைப் பார்க்கலாம்.

மலிவான தட்டில் "30x60" என்று அச்சிட்ட மடக்குப் பைனாகுலர்கள் இருக்கும். முன்வில்லையின் மேல் ஒரு அடிமட்டம் வைத்தாலே விஷயம் வெளிச்சமாகும், 60 மி.மீ. என்று சொல்லும் வில்லை அதில் பாதிகூட இருக்காது. சிவப்புப் பூச்சுப் பளபளக்கும் வில்லைகளும், ஒரு நெம்பைத் தள்ளினால் பெருக்கம் மாறும் ஸூம் வகைகளும் இதே சாதிதான். எவ்வளவு மலிவானாலும் இவற்றுக்குக் கொடுக்கும் காசு திரும்பாது.

அடுத்த படி நிக்கோன் அக்யூலோன் ஏ211 8x42, ஒலிம்பஸ் 8x40 டிபிஎஸ்-1 போன்ற பழைய பாணி அகன்ற உடல் கொண்டவை. அமெரிக்கச் சந்தையில் சுமார் 100 டொலர். கொடுக்கும் விலைக்குப் படம் மிக நல்லது. அக்யூலோனின் பார்வைப் பரப்பு 8 பாகை. அதாவது ஆயிரம் மீற்றர் தூரத்தில் 140 மீற்றர் அகலம் ஒரே பார்வையில் அடங்கும். எதிர்மலையில் வட்டமிடும் கழுகைத் தேட இதைவிட வசதி வேறில்லை. குறைகளும் உண்டு. எடை 755 கிராம். ஏற்றத்தில் கழுத்தை இழுக்கும். கண்வில்லைக்கும் கண்ணுக்கும் இடையே விட வேண்டிய தூரம் 12 மி.மீ. அளவே என்பதால் மூக்குக்கண்ணாடி போடுகிறவருக்குப் படத்தின் ஓரம் வெட்டுப்படும். குவியச் சக்கரத்தைச் சுழற்றும்போது கண்வில்லைகள் வெளியே வந்து உள்ளே போகும்; அந்த இடைவெளியால் ஈரக் காற்றும் உள்ளே போகும். மழையில் நனைக்கவே கூடாது. வரண்ட மாதங்களில் மட்டும் பயன்படுத்தி, கவனமாகப் பெட்டியில் வைக்கிறவருக்கு இது போதும்.

மலையகத்துக்கு உண்மையில் பொருந்துவது மூன்றாம் படி. நிக்கோன் புரோஸ்டாஃப் பி3 8x42, செலஸ்ட்ரோன் நேச்சர் டிஎக்ஸ் 8x42 இரண்டும் வெளிநாட்டு விலையில் 130 டொலர் அளவில் வரும். இரண்டும் நீர்புகாதவை; வாயு நிரப்பியவை. மூக்குக்கண்ணாடியோடு தாராளமாகப் பார்க்கலாம். பி3யின் பார்வைப் பரப்பு 7.2 பாகை, மூன்று மீற்றர் கிட்டத்தில் உள்ளதையும் குவியப்படுத்தும். செலஸ்ட்ரோன் அதைவிடக் கிட்டே, இரண்டு மீற்றர் வரை வரும். பூவில் உட்கார்ந்த வண்ணத்துப்பூச்சியின் இறக்கைக் கோலத்தைப் பார்க்க ஆசைப்படும் பிள்ளைகளுக்கு அது பெரிய விஷயம். படத்தின் ஓரங்களில் சற்று மசமசப்பும், வானத்தின் பின்னணியில் தெரியும் கிளைகளைச் சுற்றி மெல்லிய ஊதாக் கோடும் இருக்கும். நடுப்பகுதி தெளிவு, பறவையை அடையாளம் காண அதுவே வேண்டும்.

கூடுதலாகச் செலவிடக்கூடியவருக்கு வோர்டெக்ஸ் டயமண்ட்பேக் எச்டி 8x42உம் நிக்கோன் மொனார்க் எம்5 8x42உம் இருக்கின்றன. விலை 230 டொலரிலிருந்து 300 வரை. மொனார்க்கில் நிறப்பிசிறைக் குறைக்கும் சிறப்புக் கண்ணாடி உண்டு. மங்கிய வெளிச்சத்தில் நிறம் அப்படியே வரும். ஆனால் பார்வைப் பரப்பு 6.4 பாகைதான். வோர்டெக்ஸ் 7.5 பாகை தருகிறது. ஒன்றரை மீற்றர் கிட்டம் வரை குவியும். காலவரையற்ற உத்தரவாதமும் உண்டு. அந்த உத்தரவாதத்தை இலங்கையிலிருந்து பயன்படுத்த அனுப்பும் செலவு யார் தலையில் விழும் என்பதை வாங்குமுன் கேட்டுக்கொள்ள வேண்டும். வழிகாட்டியாகப் பிழைக்கிறவருக்கு இந்தப் படி நியாயமானது. மற்றவர்களுக்கு மூன்றாம் படியே போதும். கூடுதல் 100 டொலரோ அதற்கு மேலோ தரும் முன்னேற்றத்தைவிட, இரண்டாம் படியிலிருந்து மூன்றாம் படிக்கு ஏறும் 30 டொலர் தரும் பலன் பெரியது.

கடையில் கையில் எடுத்ததும் செய்ய வேண்டிய சோதனைகள் சில. பைனாகுலரைக் கை நீட்டிய தூரத்தில் வானத்தை நோக்கிப் பிடித்து, கண்வில்லையில் தெரியும் ஒளிப்புள்ளியைப் பார்க்க வேண்டும். அது முழு வட்டமாக இருந்தால் உள்ளே உள்ள அரியம் நல்லது. விளிம்பு வெட்டுப்பட்டுச் சதுரம்போலத் தெரிந்தால் மலிவுக் கண்ணாடி. பிறகு தூரத்துக் கூரை விளிம்பு ஒன்றைக் குவியப்படுத்தி, கண்ணைச் சற்று விலக்கிப் பார்க்க வேண்டும். இரு பக்கமும் அந்தக் கோடு ஒரே மட்டத்தில் நிற்காமல் மேலும் கீழுமாகப் போனால் குழாய்கள் விலகியிருக்கின்றன. அரை மணி நேரத்தில் தலைவலி வரும். பாவித்ததை வாங்குகிறவர் பொருள்வில்லைப் பக்கம் டோர்ச் அடித்து, மறுபக்கத்தால் பூஞ்சண வலை இருக்கிறதா என்று பார்த்தே காசைக் கொடுக்க வேண்டும்.

வலக்கண்ணுக்கான திருகையும் அங்கேயே சரிசெய்து பழகுவது நல்லது. வலப்பக்க வில்லையை மூடி, இடக்கண்ணுக்கு நடுச்சக்கரத்தால் குவியப்படுத்த வேண்டும். பிறகு இடப்பக்கத்தை மூடி, நடுச்சக்கரத்தைத் தொடாமல் வலப்பக்கத் திருகை மட்டும் சுழற்ற வேண்டும். இதைச் செய்யாமல் பார்த்துவிட்டு நல்ல கண்ணாடியையும் மோசம் என்று வைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு.

விலையைத் தோட்டத்துக் கணக்கில் போட்டுப் பார்த்தால்தான் உண்மை நிலை புரியும். டொலரை 300 ரூபா என்று எடுத்தால் 130 டொலர் என்பது 39,000 ரூபா. இறக்குமதி வரியும் கடைக்காரர் லாபமும் அதற்கு மேல். 2024 செப்டெம்பரில் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபா நாட்சம்பளத்தில் அது 29 நாள் உழைப்பு. ஒரு தொழிலாளியின் மாதச் சம்பளத்தைக் கேட்கும் பொருளை அவசியம் என்று யாரும் இலேசாகச் சொல்லிவிட முடியாது.

அதனால் தோட்டத்தில் இதைத் தனியாள் பொருளாக நினைக்க வேண்டியதில்லை. ஐந்து பேர் சேர்ந்தால் அந்த 39,000 ரூபா ஆளுக்கு 7,800 ஆகும். பாடசாலைச் சுற்றாடல் கழகமோ இளைஞர் கழகமோ சீட்டுப் பிடித்தும் சேர்க்கலாம். ஆட்களை மலைக்கு அனுப்புமுன் குளவிக் கூட்டைப் பார்க்க ஒரு கண்ணாடி வாங்கிக் கொடுப்பது தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. தொழிலாளர் சங்கங்கள் பாதுகாப்புச் சாதனங்களின் பட்டியலில் அதையும் சேர்த்துக் கேட்கலாம். ஒரு பிரிவுக்கு ஒன்று போதும், காலையில் ஆட்கள் கூடும் பெரட்டுக்களத்திலேயே வைக்கலாம்.

பலர் கைமாறும் பொருள் என்பதால் பராமரிப்புக்கு ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டும். மழையில் நனைந்ததை உடனே பெட்டியில் அடைக்காமல், துடைத்துக் காற்றாட வைத்த பிறகே மூட வேண்டும். இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டைப் போட்டு, அவ்வப்போது மாற்றினால் பூஞ்சணம் அண்டாது. வில்லையில் படிந்த தூசியை முதலில் ஊதியோ மெல்லிய தூரிகையாலோ அகற்ற வேண்டும். சட்டை நுனியால் தேய்த்தால் பூச்சு கீறும். சூரியனை நோக்கி ஒருபோதும் திருப்பக் கூடாது என்பதைப் பிள்ளைகளிடம் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும். ஒரு கணம் பார்த்தாலும் பார்வை நிரந்தரமாகக் கெடலாம். வலசைப் பறவைகள் ஒக்டோபருக்குள் வரத் தொடங்கிவிடும். அதற்குமுன் வாங்கிவிட்டால், விக்டோரியா பூங்காவின் ஓடையோரத்தில் பழகிப் பார்க்கப் பறவைகளுக்குப் பஞ்சமிருக்காது.