தாள் எரிப்பும் மூன்றாண்டுச் சிறையும்

அரசமைப்புச் சட்டத்தில் சாதியைக் காப்பவை என்று தாம் கருதிய பிரிவுகளை நீக்கக் கோரி, 1957 நவம்பர் 26 அன்று அச்சட்டத்தின் தாள்களை எரிக்கப்போவதாகப் பெரியார் அறிவித்தபோது, அச்செயலைத் தெளிவாகக் குற்றமாக்கும் சட்டம் சென்னை மாநிலத்தில் இருக்கவில்லை. ஆகவே காமராசர் அரசு, தேசியச் சின்னங்களை அவமதிப்போருக்கு மூன்றாண்டு வரை சிறை விதிக்கும் சட்டமொன்றை அந்நாளுக்கு முன்பே அவசரமாக நிறைவேற்றியது.

இதில் ஒரு நேர்மை இருந்ததை மறுக்க இயலாது. 1953 ஜூலையில் திருச்சியை அடுத்த கல்லக்குடியில் தி.மு.க. நடத்திய ரயில் மறியல் துப்பாக்கிச் சூட்டிலும் உயிரிழப்பிலும் முடிந்தது. 1957இலோ, தண்டனை இன்னதென்று முன்கூட்டியே அறிவிக்கப்பட்டு, வழக்குகள் நீதிமன்றங்களுக்குச் சென்றன. விசாரணையின்றி ஒருவரை அடைத்துவைக்கும் தடுப்புக்காவலைவிட இது மேலான வழியே.

ஆனால் தண்டனை, அதற்கு அஞ்சுவோரை மட்டுமே தடுக்கும். ஏறத்தாழ 3,000 பேர் சிறை சென்றனர். பேச்சுகளுக்காகத் தொடுக்கப்பட்ட வழக்கில் பெரியாருக்குத் திருச்சி நீதிமன்றம் ஆறு மாதத் தண்டனை விதித்தது. 1958இல் திருச்சிச் சிறைக் கைதிகளான பட்டுக்கோட்டை இராமசாமியும் மணல்மேடு வெள்ளைச்சாமியும் அடுத்தடுத்து இறந்தபோது, உடல்களைத் தர மறுத்த நிர்வாகத்தை மீறிப் பெரியாரின் மனைவி மணியம்மையார் மேலிடத்தில் வாதாடி அவற்றைப் பெற்றார். இறுதி ஊர்வலம் திருச்சி வீதிகளில் சென்றது. இயக்கம் தானாகத் தேடியிருக்க முடியாத தியாகிகளை அரசே அதற்கு வழங்கியது எனலாம்.

இதைவிட ஆழமான குறை, தீங்கின் அளவை எடைபோடாமையே. 2006 டிசம்பரில் திருவரங்கம் கோயில் எதிரே திறப்பு விழாவுக்குக் காத்திருந்த பெரியார் சிலை உடைக்கப்பட்டதும், அதன் எதிர்வினையாகப் பிற ஊர்களில் கோயில்கள் தாக்கப்பட்டதும் பிறர் உடைமைக்கும் பொது அமைதிக்கும் நேர்ந்த கேடுகள் என்பதால், அவற்றைத் தண்டிக்கப் புதுச் சட்டம் வேண்டியிருக்கவில்லை. சொந்தக் காசில் வாங்கிய தாளை எரித்தவரைச் சிறையிலடைக்கவே புதுச் சட்டம் தேவைப்பட்டது.

தாள் எரிப்புக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1970 ஜனவரியில் கருவறை நுழைவுக் கிளர்ச்சி நடத்தப்போவதாகப் பெரியார் அறிவித்திருந்தபோது, எல்லாச் சாதியினரும் அர்ச்சகராகலாம் என்ற அவரது கோரிக்கையையே கருணாநிதி அரசு கையிலெடுத்து, பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்கச் சட்டம் கொண்டுவர முன்வந்ததால், கிளர்ச்சி ஒத்திவைக்கப்பட்டது. முதல்வர் பெரியாரின் பாசறையில் வளர்ந்தவர் என்பதால் இதை நடுநிலைக்குச் சான்றாகக் காட்ட முடியாது. ஆளுங்கட்சிக்கு வேண்டாதவர் எவரும் இத்தகைய செவிசாய்ப்பை எதிர்பார்த்திருக்க மாட்டார். எனினும் பூசல் கருவறை வாசலிலிருந்து உச்ச நீதிமன்றத்துக்கு நகர்ந்தது. 1972இல் அந்நீதிமன்றம் பரம்பரை உரிமை ஒழிப்பை ஏற்று, அர்ச்சகர் நியமனத்தில் ஆகம விதிகளின் கட்டுப்பாட்டை விட்டுவைத்தது. மறு ஆண்டில் பெரியார் மறைந்தபோது கோரிக்கை பாதியிலேயே நின்றிருந்தது.