கரடிக்கு எதிரே ஒரு கதிரை

'குறியீடு' என்ற சொல் எமது இலக்கிய விமர்சனத்தில் படும் பாடு போதாதென்று, ரோமரின் வெண்கல விலங்குச் சிலைகளைப் பற்றிய எழுத்துகளிலும் அது தாராளமாகப் புழங்குகிறது. சேவலும் ஆமையும் ஆட்டுக்கடாவும் மெர்க்குரியின் குறியீடுகள். கழுகு யூப்பிற்றரின் குறியீடு. சரிதான். ஆனால் பேர்ண் வரலாற்று நூதனசாலையிலுள்ள கரடியிடம் இந்த அட்டவணை செல்லாது.

1832இல் பேர்ணுக்கு அருகே மூறியில் கண்டெடுக்கப்பட்ட சிலைகளில் ஒன்று அது. கி.பி. 200ஐ ஒட்டியது, ஏறக்குறைய ஒரு சாண் உயரம். பெரிய கரடியொன்று, அதன் பின்னால் ஒரு மரம். எதிரே, மடியில் கனிகளோடு கதிரையில் அமர்ந்திருக்கும் பெண். பீடத்தில் இலத்தீன் எழுத்து: ஆர்த்தியோ தெய்வத்துக்கு லிக்கினியா சபினில்லா கொடுத்தது.

எம்மவர் உடனே முருகனையும் மயிலையும் இழுத்து வருவர். வேண்டாம். இந்தக் கரடி எவரையும் சுமக்கவில்லை. அவளை முகத்துக்கு முகம் பார்த்து நிற்கிறது. ஆர்த்தியோ என்ற பெயரே கெல்ற்றிய மொழியில் கரடியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. அதைவிட முக்கியமானது, முதலில் கரடியும் மரமும் மட்டுமே இருந்தன, பெண் பிற்பாடு சேர்க்கப்பட்டவள் என்று ஆய்வாளர்கள் சொல்வது. அப்படியானால் எமது வாசிப்பில் கரடி அவளின் குறியீடு அல்ல. கரடிதான் தெய்வம். ரோமக் கண்ணுக்கு விளங்கட்டும் என்று எதிரே ஒரு மனித உருவத்தைக் கதிரையோடு கொண்டுவந்து இருத்தியிருக்கிறார்கள்.

கொடுத்தவளின் பெயர் ரோமப் பெயர். எழுத்தும் மொழியும் ரோமருடையவை. தெய்வத்தின் பெயரை மட்டும் அவள் மாற்றவில்லை. டயானா என்று எழுதியிருந்தால் எல்லோருக்கும் விளங்கியிருக்கும். உணவகச் சமையலறைகளில் கூப்பிட வசதியாக எமது பெயர்களைப் பாதியாக வெட்டிக் கொடுத்துவிட்ட எமக்கு, அந்த ஒரு சொல் சின்ன விடயமல்ல.

பேர்ண் கொடியிலுள்ள கரடி இதன் வாரிசு என்போருமுண்டு. நகரம் உருவானது 1191இல். அதன் முத்திரையில் கரடி தெரிவது 1224இல். இடையில் ஆயிரம் ஆண்டு. இந்த ஒட்டுவேலையில் எமக்கு நம்பிக்கையில்லை. (பழம்பெருமை ஒட்டுவதில் நாமும் சளைத்தவர்களல்ல.)

மாறாக, 1883இல் மார்த்தினியில் கிடைத்த வெண்கலக் காளைத் தலையைக் கரடியோடு சேர்த்துப் பார்க்கலாம். வார்ப்பு ரோம முறை. கொம்புகளோ மூன்று. மூன்றாவது கொம்பு கோல் நாட்டு மக்களுடையது. அது எதற்கென்று ரோம எழுத்தாளர் எவரும் எழுதிவைக்கவில்லை.