தீவில் நின்று சொன்னாலும் சேரும்

குறிகட்டுவான் துறையில் படகுக்குக் காத்து நிற்பவர்களைப் பார்த்தால் யார் எங்கே போகிறார்கள் என்று கேட்கத் தேவையில்லை. பூத்தட்டோடு நிற்பவர்கள் நயினாதீவு நாகபூசணி அம்மன் கோவிலுக்கு. வெள்ளை உடுத்துத் தெற்கிலிருந்து பஸ்ஸில் வந்திறங்கியவர்கள் நாகதீப விகாரைக்கு. அதே தீவில் ஒரு பள்ளிவாசலும் இருக்கிறது என்பது வந்துபோகிறவர்களில் பலருக்குத் தெரியாது. வேலணைத் தீவின் மண்கும்பானிலும் ஒரு பள்ளிவாசல் உண்டு, சாட்டிக் கடற்கரைக்குப் பக்கத்தில். அங்கே நடந்த கந்தூரியைப் பற்றிப் பேச்செடுத்தால் யாழ்ப்பாணத்துப் பழைய சோனகர்களுக்கு இன்றும் முகம் மலரும்.

இந்தத் தீவுகளின், சில வீடுகளே உள்ள ஜமாஅத்துகளில் நபிகள் நாயகம் (ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம்) அவர்கள்மீது சொல்லப்படும் வாழ்த்தான ஸலவாத்தையும், பாக்கு நீரிணைக்கு அக்கரையில் காயல்பட்டினம், கீழக்கரை, தொண்டி, அதிராம்பட்டினம், நாகூர் ஆகிய ஊர்களில் சொல்லப்படும் ஸலவாத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. இரண்டும் ஒரே சொல்தான். ஆனால் அது வாழும் விதம் இரண்டு கரையிலும் ஒன்றல்ல.

ஸலவாத்துக்கு ஆணை வந்தது குர்ஆனின் 33ஆம் அத்தியாயமான அல்அஹ்ஸாபின் 56ஆம் வசனத்தில். தொழு, நோன்பு பிடி என்று அடியாருக்குக் கட்டளையிடும் இறைவன், இந்த ஓர் அமலில் மட்டும், தானும் தன் வானவர்களும் அதைச் செய்வதாக முதலில் சொல்லிவிட்டு, விசுவாசிகளே நீங்களும் செய்யுங்கள் என்கிறான். இறைவன் சொல்லும் ஸலவாத்து அருளும் புகழும். வானவர் சொல்வது பாவமன்னிப்புத் தேடல். நாம் சொல்வது துஆ என்று அறிஞர்கள் பிரித்து விளக்குவார்கள். ஒருமுறை சொன்னவருக்கு இறைவன் பத்துமுறை அருள்புரிகிறான் என்ற ஹதீஸ் முஸ்லிம் தொகுப்பில் இருக்கிறது. தம் பெயர் காதில் விழுந்தும் ஸலவாத்துச் சொல்லாதவனைப் பெருமானார் கஞ்சன் என்றார்கள். செலவே இல்லாத ஒன்றைக்கூடக் கொடுக்க மனம் வராதவனுக்கு வேறு பெயர் ஏது?

இத்தனை ஹதீஸ்களிலும் தீவுக்காரருக்கு மிக நெருக்கமானது அபூதாவூதில் வரும் ஒன்று. என்மீது ஸலவாத்துச் சொல்லுங்கள், நீங்கள் எங்கே இருந்தாலும் அது என்னிடம் வந்து சேரும் என்பது அதன் கருத்து. மதீனா எத்தனை தூரம் என்ற கணக்கு இங்கே இல்லை. பாலமே போடப்படாத, படகு ஓடினால்தான் ஊரைப் பார்க்க முடிகிற நெடுந்தீவின் கரையில் நின்று சொன்னாலும் சேரும். வாடைக்காற்றில் படகு ஓடாத நாளிலும் சேரும்.

இந்த வேற்றுமையை முதலில் சட்டத்தில் பார்ப்போம். இலங்கை முஸ்லிம்களில் மிகப் பெரும்பாலானோர் ஷாபிஈ மத்ஹபினர். காயல், கீழக்கரை போன்ற கரையோர ஊர்களும் ஷாபிஈதான். தமிழ்நாட்டின் உள்நாட்டு ஊர்களில் வாழும் ராவுத்தர்களும், சென்னை, வேலூர், ஆம்பூர் பக்கத்து உருது பேசும் மக்களும் ஹனபி. இதனால் ஒரே அமலுக்குச் சட்டத்தில் இரு வேறு எடை வந்துவிடுகிறது. தொழுகையின் கடைசி இருப்பில் ஸலவாத்து ஓதாவிட்டால் தொழுகையே கூடாது என்பது இமாம் ஷாபிஈ கண்ட முடிவு. ஹனபியில் அது சுன்னத்து. விட்டாலும் தொழுகை நிறைவேறும். நான்கு றக்அத்துத் தொழுகையின் நடு இருப்பில் ஷாபிஈக்காரர் சுருக்கமாக ஒரு ஸலவாத்துச் சொல்வார், அது அவருக்கு சுன்னத்து. அதே இடத்தில் பர்ளுத் தொழுகையில் மறதியாகச் சொல்லிவிட்ட ஹனபிக்காரர் மறதிக்கான சஜ்தா செய்ய வேண்டும். வெள்ளிக்கிழமையின் இரண்டு குத்பாக்களிலும் ஸலவாத்து ஷாபிஈயில் கட்டாயக் கூறு. ஜனாஸாத் தொழுகையின் இரண்டாம் தக்பீருக்குப் பிறகும் அப்படியே. ஆகவே இந்த விஷயத்தில் நயினாதீவுக்காரருக்கு மதுரை ராவுத்தரைவிடக் காயல்பட்டினத்துக்காரர்தான் அயலவர். கடல் பிரித்ததைவிட நிலம் பிரித்தது அதிகம்.

சொல்லும் அப்படித்தான். வேலூர்ப் பக்கத்து உருது வீடுகளில் இதைத் துரூத் என்பார்கள். கரையோரத் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் ஸலவாத்து. எழுதும்போது மட்டும் நமக்கும் அக்கரைக்கும் ஒரு சின்ன வேற்றுமை தெரியும். அங்கே ரபீஉல் அவ்வல், ரமலான். இங்கே றபீஉல் அவ்வல், றமழான். அறபு என்று வல்லின றகரம் போட்டு எழுதுவது நம் வழக்கம்.

இனி ஓதும் நூல்கள். அக்கரையின் கடனை நாம் மனமாரச் சொல்லியாக வேண்டிய இடம் இது. காயல்பட்டினத்தில் பிறந்து கீழக்கரையில் அடங்கியிருக்கும் சதக்கத்துல்லாஹ் அப்பா (1632–1703), நபிபுகழ்க் காவியமான வித்ரிய்யாவின் ஈரடிகளை ஐந்தடிகளாக விரித்துத் தந்தார். அறபு எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பாட்டாக அமைந்த நூல் அது. காயலிலும் கீழக்கரையிலும் இலங்கையிலும் றபீஉல் அவ்வல் மாதத்தில் அது ஓதப்படுகிறது. எகிப்தின் இமாம் பூசிரி இயற்றிய புர்தாவும் மொறோக்கோவின் ஜஸூலி தொகுத்த தலாயிலுல் கைறாத்தும் இதே கரையோர ஆலிம்கள் வழியாகவும் நம் பள்ளிகளில் நிலைபெற்றன. நபிபுகழ் ஓதலான சுப்ஹான மௌலித் தெரியாத தமிழ் முஸ்லிம் ஊர் இரு நாட்டிலும் அரிது.

கடன் ஒருவழிப் பாதையாகவும் இருக்கவில்லை. கீழக்கரையின் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) இலங்கைக்குப் பலமுறை வந்து, பள்ளிகளையும் தைக்காக்களையும் எழுப்பியவர். அவர் நபிபுகழாகப் பாடிய ஓர் அறபு நூலின் பெயர் மின்ஹத்து ஸரந்தீப், அதாவது இலங்கையின் கொடை. இந்தியக் கரையில் பிறந்த ஓர் ஆலிம், பெருமானாருக்குத் தான் சூட்டிய புகழ்மாலையை இந்த நாட்டின் பெயரால் அழைத்திருக்கிறார். இதை நம் பிள்ளைகளுக்கு யாராவது சொல்லிக்கொடுக்கிறோமா? யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் 1911இல் பிறந்த ஏ.எம்.ஏ. அஸீஸ், அறபு எழுத்தில் தமிழை எழுதும் அறபுத் தமிழைப் பற்றி அக்கறையோடு எழுதியவர். முகியித்தீன் புராணம் பாடிய பதுறுத்தீன் புலவரும் யாழ்ப்பாணத்தவர். புகழ்பாடும் மரபில் வடக்கு வெறும் கேட்போர் கூட்டமாக இருந்ததில்லை.

மௌலித் மஜ்லிஸின் வடிவம் இரு கரையிலும் ஏறத்தாழ ஒன்று. றபீஉல் அவ்வல் முதல் பிறையிலிருந்து பன்னிரண்டு இரவு ஓதல். ஊதுபத்தி, சாம்பிராணி. பைத்து ஓதி எல்லோரும் எழுந்து நிற்கும்போது பன்னீர்ச் செம்பு வரிசைதோறும் வரும். முடிந்ததும் நார்ஸா எனும் தின்பண்டம் பங்கிடப்படும். கந்தூரி என்றால் சஹனைச் சுற்றி அமர்ந்து ஒரே தட்டில் கை வைப்பார்கள். வேறுபாடு ஆள் தொகையிலும் ஒழுங்கிலும். காயல்பட்டினத்தில் றஜபு மாதம் முழுவதும் புகாரி ஷரீப் ஓதி முடிக்கிறார்கள். ஹதீஸ் ஒவ்வொன்றிலும் பெருமானார் பெயர் வருமல்லவா? சபை முழுவதும் ஸலவாத்துச் சொல்லச் சொல்ல, ஒரு மாதத்தில் எத்தனை ஆயிரம் ஆகும் என்று எண்ணிப் பார்க்கலாம். இலங்கையில் அதற்கு நிகராகப் பேருவளையில் புகாரி மஜ்லிஸ் நடக்கிறது. ஊரே சேர்ந்து 4444 தடவை நாரிய்யா ஸலவாத்து ஓதும் வழக்கமும் இரு நாட்டிலும் உண்டு. நூறு பேர் இருந்தால் ஆளுக்கு நாற்பத்தைந்து தடவை, ஓர் இரவில் முடிந்துவிடும். பத்துப் பேர் மட்டும் கூடும் பள்ளியில் அதே எண்ணிக்கை ஆளுக்கு நானூற்று நாற்பத்துநான்கைத் தாண்டும். சிறிய ஜமாஅத்தின் அமல் கனமானது என்று நான் சொல்வது இதனால்தான்.

அரசும் இரு நாட்டிலும் மீலாதுக்கு விடுமுறை தருகிறது. இலங்கையில் தேசிய மீலாத் விழா ஆண்டுக்கொரு மாவட்டமாக மாறி மாறி நடப்பது வழக்கம். இந்தியாவில் விழாவை ஜமாஅத்துகளும் சங்கங்களும்தான் நடத்துகின்றன. இதில் சொல்ல அதிகம் இல்லை.

ஆனால் 1990ஐச் சொல்லாமல் வடக்கின் எந்த அமலைப் பற்றியும் எழுத முடியாது. அந்த ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி, யாழ்ப்பாணச் சோனகதெருவின் முஸ்லிம்கள் இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேற வேண்டும் என்று விடுதலைப் புலிகள் கட்டளையிட்டார்கள். வடமாகாணம் முழுவதிலுமிருந்து 70,000க்கும் மேற்பட்டோர் அந்த மாதத்தில் வெளியேற்றப்பட்டார்கள். பெரும்பாலானோர் புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் வாழ்ந்தார்கள். பள்ளிகள் பூட்டிக் கிடந்தன. மௌலித் கிதாபுகளும் பன்னீர்ச் செம்பும் சஹன்களும் வீட்டோடு விடப்பட்டன. அக்கரையில் காயல்பட்டினத்துக்கும் கீழக்கரைக்கும் நம் காலத்தில் இப்படியொரு நாள் வந்ததில்லை. ஒப்பீட்டில் மிகப் பெரிய வித்தியாசம் இதுதான்.

அங்கே ஸலவாத்து கட்டடத்திலும் சபையிலும் வக்பு சொத்திலும் நாட்குறிப்பிலும் தங்கியிருக்கிறது. இந்த மாதம் இந்த மஜ்லிஸ், இந்தத் தெருவின் முறை, இந்தக் குடும்பத்தின் செலவு என்று தலைமுறை தலைமுறையாக ஓடுகிறது. நம்மவர்களிடம் அப்படித் தங்கியிருந்ததெல்லாம் இரண்டு மணி நேரத்தில் போனது. நாக்கில் இருந்தது மட்டும் கூட வந்தது. உபை இப்னு கஅப் (ரலியல்லாஹு அன்ஹு) அவர்கள் தம் துஆவில் எவ்வளவு பங்கை ஸலவாத்துக்கு ஒதுக்கட்டும் என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் முழுவதையுமே ஒதுக்குகிறேன் என்று சொன்னபோது, அப்படியானால் உம் கவலைகளுக்கு அதுவே போதுமானது என்று பெருமானார் சொன்னதாகத் திர்மிதியில் வருகிறது. அகதிக் கொட்டிலில் இரவைக் கழித்த ஒரு தாய்க்கு இந்த ஹதீஸ் தந்திருக்கக்கூடிய ஆறுதலை வேறு எவராலும் அளந்து சொல்ல முடியாது.

போர் முடிந்த 2009க்குப் பிறகு சிலர் திரும்பினார்கள். பலர் இன்னும் புத்தளத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் இரண்டு வீடாக வாழ்கிறார்கள். பிள்ளைகளின் பள்ளிக்கூடம் அங்கே, காணி இங்கே. வெள்ளிக்கிழமைக்கு ஆள் சேர்ந்தால் போதும் என்ற நிலையில் இருக்கும் ஜமாஅத்திடம் பன்னிரண்டு நாள் மௌலித்தைக் காயல்பட்டின அளவில் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

மௌலித் கூடுமா கூடாதா என்ற வாதம் இரு கரையிலும் ஓய்ந்தபாடில்லை. தமிழ்நாட்டில் எழுந்த தௌஹீத் பிரசாரம் ஒலிநாடா வழியாகவும் பின்பு இணையம் வழியாகவும் இலங்கைக்கு வந்தது. ஊர்கள் இரண்டானதும், ஒரே குடும்பத்தில் அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்தியதும் நாம் கண்டவை. ஒன்றை மட்டும் இரு தரப்புக்கும் நினைவூட்ட விரும்புகிறேன். ஸலவாத்து சிறந்தது என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. பாட்டாக ஓதலாமா, கூட்டாக ஓதலாமா, எழுந்து நிற்கலாமா என்பதில்தான் சண்டை. மௌலித் ஓதாதவர் தொழுகையில் இப்றாஹீமிய்யா ஸலவாத்தை நிதானமாக, பொருள் உணர்ந்து ஓதுகிறாரா? மௌலித் ஓதுபவர் பைத்தின் இராகத்தில் காட்டும் அக்கறையைத் தொழுகையின் இருப்பிலும் காட்டுகிறாரா? ஒருவரையொருவர் கேட்பதற்கு முன் தம்மையே கேட்க வேண்டிய கேள்விகள் இவை. சில பேர் மட்டுமே உள்ள தீவு ஜமாஅத்துக்கு இரண்டாகப் பிரியும் வசதி கிடையாது. அந்த இல்லாமையை நான் ஒரு றஹ்மத்தாகவே பார்க்கிறேன்.

இரு நாட்டுத் தமிழ் அச்சிலும் பொதுவான ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். பெருமானார் பெயருக்குப் பின்னால் (ஸல்) என்று அடைப்புக்குள் இரண்டு எழுத்துப் போட்டுக் கடந்துவிடுகிறோம். ஹதீஸ் எழுதுவோர் ஸலவாத்தைச் சுருக்காமல் முழுதாக எழுத வேண்டும், எத்தனை முறை வந்தாலும் சலிக்கக் கூடாது என்று இப்னுஸ் ஸலாஹ், நவவீ போன்ற இமாம்கள் வலியுறுத்தினார்கள். அச்சுச் செலவும் இடமும் கருதிச் சுருக்கினோம், சரி. படிக்கும் வாயும் சேர்ந்து சுருங்கிவிட்டது. மேடையில் ஸல் ஸல் என்று ஓடும் பேச்சாளரைக் கேட்கையில் மனம் நோகிறது.

கடைசியாக ஒரு காட்சி. இரு கரையின் பழைய பள்ளிகளிலும் தொழுகை முடிந்ததும் எழுந்து வட்டமாக நின்று, ஸலவாத்துச் சொல்லிக்கொண்டே ஒருவர் கையை ஒருவர் பற்றி முஸாபஹா செய்வார்கள். நிறைந்த ஜும்ஆ கூடும் அக்கரை ஊர்களில் அந்த வட்டம் வளைந்து வளைந்து வாசல்வரை நீளும், ஸலவாத்தும் அதுவரை நீளும். தீவுப் பள்ளியில் அது சில கைகளோடு முடிந்துவிடும். நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில் 2023 ஒக்டோபரில் தொடங்கி 2024 ஓகஸ்டில் மீண்ட பயணக்கப்பல், பழைய உறவுக்கு வழி திறந்திருக்கிறது. கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் கிழக்கிலிருந்தும் யாழ்ப்பாணம் பார்க்க வருகிற நம்மவர்கள் குடும்பம் குடும்பமாகக் குறிகட்டுவானில் படகேறுகிறார்கள், தீவைச் சுற்றிப் படம் பிடித்துக்கொண்டு திரும்புகிறார்கள். அடுத்த முறை வரும்போது ஒரு ளுஹரைத் தீவுப் பள்ளியில் தொழுங்கள். தொழுதுவிட்டு உடனே எழுந்து படகுக்கு ஓடாதீர்கள். அந்த வட்டத்தில் நின்று, ஸலவாத்துச் சொல்லி, உங்கள் கையையும் கொடுத்துவிட்டு வாருங்கள்.