சிறுதாளத்தின் ஒலியும் குணமும்

கைகள் நோவக் கொட்டிப் பாடிய குழந்தையாகிய திருஞானசம்பந்தருக்கு, திருக்கோலக்காவிலே இறைவன் ஐந்தெழுத்துப் பொறித்த பொற்றாளம் அருளிய வரலாற்றைச் சேக்கிழார் பெரியபுராணத்திற் பாடியுள்ளார். அத்தலத்து மரபு இதனோடு மற்றொரு செய்தியையும் சேர்த்துச் சொல்லும். பொன்னாற் செய்த தாளம் ஒலிக்கவில்லை. அம்மையே அதற்கு ஓசையை அளித்தாள். அதனால் ஓசை கொடுத்த நாயகி என்னும் திருநாமம் பெற்றாள் என்பதே அது. பக்தியின் பொருள் ஒருபுறம் இருக்க, கருவி செய்வோர் நன்கறிந்த உண்மையொன்றும் இதனுள் அடங்கியிருக்கின்றது. பொன் மென்மையானது, தட்டினால் எழும் அதிர்வைத் தன்னுள்ளேயே விழுங்கிவிடும். விலை மிகுந்தது ஒலி மிகுந்ததாகாது. அவ்வாறாயின் தாளத்துக்கு ஓசை கொடுப்பது யாது? இவ்வினாவை நாம் வாழும் கண்டி நகரையும் அதன் சூழலையும் வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இசைக்கருவிகளை வகுத்த நம் முன்னோர் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி என்பவற்றோடு கஞ்சக்கருவியையும் ஒப்ப வைத்து எண்ணினர். சிங்கள மரபும் ஐவகைத் துரியங்களுள் ஒன்றாக உலோகக் கருவியைக் ‘கன’ என்று வைத்தது. இலக்கணத்தில் இத்துணைச் சிறப்புப் பெற்ற கருவிக்கு வழக்கில் நேர்ந்த கதி வேறு. பிறர் கூறுவதற்கெல்லாம் தலையாட்டுபவனை ‘ஜால்ரா போடுகிறான்’ என்று இகழ்கின்றோம். கச்சேரிகளைப் பற்றி எழுதுவோர் பாடினவரையும் மத்தளம் கொட்டினவரையும் புகழ்ந்து ஓய்வரேயன்றித் தாளம் பிடித்தவரைப் பற்றி ஒரு வரியும் எழுதார். தாளம் மத்தளத்தைப் பின்தொடர்ந்து செல்வது என்னும் தவறான எண்ணமே இதற்குக் காரணம். உண்மை இதற்கு நேர்மாறானது.

முதலில் ஒலியின் இயல்பை நோக்குவோம். தட்டையான வட்டத் தகடொன்றின் விட்டத்தைப் பாதியாகக் குறைத்தால் அதன் அதிர்வெண் ஏறத்தாழ நான்கு மடங்காகும். தடிப்பை இரட்டித்தால் இரு மடங்காகும். இரண்டு மூன்று அங்குல விட்டமும் நல்ல தடிப்புமுடைய சிறுதாளம் மிக உயர்ந்த ஒலியைத் தருவது இதனாலேயே. மனிதச் செவி மிகக் கூர்மையாக உணர்வது வினாடிக்கு 2000 முதல் 5000 வரையான அதிர்வுகளை. மேளங்களின் பேரொலி பெரும்பாலும் இதற்குக் கீழே நிற்பதால், தாளத்தின் நுண்ணொலி அப்பெருவெள்ளத்தின் மேலே தனித்து மிதந்து வருகின்றது. இனி, இணையான இரு தட்டுகளின் அதிர்வெண்கள் முற்றிலும் ஒன்றாயிருப்பது அரிது. ஒன்று 2000 ஆகவும் மற்றது 2006 ஆகவும் இருப்பின் வினாடிக்கு ஆறு முறை விம்மித் தணியும் ஓர் அலை பிறக்கும். நல்ல தாளத்தின் ஒலி உயிருள்ளதுபோல நடுங்குவது இவ்விம்மலினாலேயே.

உலோகமும் இதற்குத் துணை. நூற்றுக்கு எழுபத்தெட்டுப் பங்கு செம்பும் இருபத்திரண்டு பங்கு தகரமும் சேர்ந்த வெண்கலம் நெடுநேரம் ஒலிக்கும். நாகம் கலந்த பித்தளையோ விரைவில் அடங்கும். ஆயின் வெண்கலம் எளிதில் உடையும் இயல்பினது. கல்லில் விழுந்து மயிரிழையளவு கீறல் பட்டாலும் அதன் ஒலி கெடும். கண்டிக்கு அண்மையிலுள்ள பிலிமத்தலாவையிலும் நத்தரம்பொத்தையிலும் உலோகக் கம்மியர் இன்றும் தொழில் செய்கின்றனர். கண்டி நாட்டுக் கைவினைகளை 1908இல் தம் பெருநூலால் உலகறியச் செய்தவர் நம்மவராகிய ஆனந்த குமாரசுவாமி என்பதும் ஈண்டு நினையத்தக்கது.

இனி நம் நகரில் ஒலிக்கும் தாளங்களை ஒவ்வொன்றாகக் கேட்போம். கண்டிய நடனத்தில் கெட்ட பெரய என்னும் முழவோடு சேர்ந்தொலிப்பது தாலம்பொட்ட. கயிற்றால் இணைத்த இரு சிறு கிண்ணங்களே அதன் வடிவம். அந்நடனத்தின் கால அளவுகள் ‘தித்த’ என்று பெயர் பெறும். சிறியது, நடுத்தரமானது, பெரியது என அவை முறையே இரண்டு, மூன்று, நான்கு மாத்திரைகளாகும். தாலம்பொட்டவின் அடிகளையும் ‘தித்’, ‘தெய்’ என்னும் சொற்களாலேயே வாயாற் சொல்லிக் கற்பிப்பர். நம்முடைய நட்டுவாங்கச் சொற்களை அறிந்த செவிக்கு இவை அயலார் சொற்களாகத் தோன்றா. முழவுக்காரர் எத்துணைச் சிக்கலான சொற்கட்டுகளை வாசித்தாலும், ஆடுவோர் காற்சதங்கை அதிரச் சுழன்றாலும், இருவரும் மீண்டு வந்து சேரும் இடம் தாலம்பொட்டவின் தெய்யொலியே. அது அணியன்று, அளவு.

எசலப் பெரஹராவில் நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலயங்களின் ஊர்வலங்கள் தலதா மாளிகை ஊர்வலத்தைத் தொடர்ந்து செல்லும்போது பந்தேரு ஆட்டக்காரரையும் காணலாம். சிறு உலோகத் தட்டுகள் கோத்த வளையமே பந்தேரு. மரபு இதனைப் பத்தினித் தெய்வத்தோடு தொடர்புபடுத்தும். பத்தினி நம் கண்ணகியே. சிலம்பின் பெயரால் காப்பியம் பெற்றவளுக்குச் சிலம்பை நினைவூட்டும் ஒலிவளையம் உரித்தாயிருத்தல் எத்துணைப் பொருத்தம்! ஆயினும் ஒலியின் குணத்தில் இரண்டும் வேறு. பந்தேரு குலுங்குவது, தாலம்பொட்ட எண்ணுவது. முன்னது ஆட்டத்தின் மகிழ்ச்சியைக் கூறும். பின்னது அதன் ஒழுங்கைக் கூறும்.

கட்டுக்கலைச் செல்வவிநாயகர் கோயில் போன்ற நம் ஆலயங்களில் நாதசுரத்தோடும் தவிலோடும் ஒலிக்கும் தாளம் மூன்றாவது வகை. இதன் ஒலி கனமும் உறுதியும் உடையது. தவிற்காரர் கணக்குகளை அடுக்கிக் காலத்தை மறைத்து விளையாடுமிடத்து, தாளக்காரர் அசையாது நிற்றல் வேண்டும். அவர் ஒருகணம் மயங்கின் மேளம் முழுவதும் மயங்கும். பரதநாட்டியத்து நட்டுவனார் கையிலுள்ள இணையோ இன்னும் நுட்பமானது. ஒரு தட்டு இரும்பு, மற்றது வெண்கலம். இருவேறு உலோகங்கள் மோதுவதால் ஒலி நீளாது கூர்மையாய் நிற்கும்; பாதத்தின் ஒவ்வோர் அடியையும் பிரித்துக் காட்டும். மலையகத் தோட்டங்களின் மார்கழிப் பஜனைகளில் ஒலிக்கும் ஜால்ரா இவற்றினும் மெல்லியது, ஓசை மிகுந்தது. பனிபெய்யும் விடியலில் லயத்துக்கு லயம் சென்று மக்களை எழுப்புவதே அதன் தொழிலாதலின், அதனிடம் நட்டுவனார் தாளத்தின் நுட்பத்தை எதிர்பார்த்தல் முறையன்று.

பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் கர்ணன் போரையும் அதன்பின் இராவணேசனையும் மேடையேற்றி, மட்டக்களப்புக் கூத்தைக் கற்றோர் அவைக்குக் கொணர்ந்தார். கூத்தில் அண்ணாவியாரின் மத்தளத்தோடு இணைபிரியாது ஒலிப்பது சல்லரி. ஊரிலே வட்டக்களரியின் நடுவில் அண்ணாவியாரும் சல்லரிக்காரரும் நிற்க, ஆடுவோர் அவர்களைச் சுற்றி ஆடுவர். தாளம் நடுவிலே நிற்க ஆட்டம் அதனைச் சூழ்வது என்னும் இவ்வமைப்பே நம் கலைக்கொள்கையின் வடிவம் எனலாம்.

மேலைநாட்டார் சிறுதாளத்தை நோக்கும் முறை வேறு. தெபுஸ்ஸி 1894இல் அரங்கேறிய தம் முன்னிசையொன்றின் இறுதிப் பகுதியில் இரு சுருதிகளில் அமைந்த சிறுதாளங்களை ஒலிக்கச் செய்தார். அவ்வொலி கனவு கலையும் வேளையில் விழும் பனித்துளி போன்றது. ஜாஸ் முழவுக்காரர் 1920களில் ‘ஸ்பிளாஷ்’ என்னும் சிறுதட்டைப் பயன்படுத்தியதும் ஒரு கணத்தை ஒளிரச் செய்வதற்கே. 1623இல் கொன்ஸ்தாந்திநோபிளில் தொடங்கி 1929இல் அமெரிக்காவுக்குப் பெயர்ந்த சில்ஜியன் குடும்பத்தார் தட்டுகளும் நம் வெண்கலத்துக்கு உறவான செம்பு, தகரக் கலவையே. உலோகம் ஒன்று; கொள்கை இரண்டு. அங்கே சிறுதாளம் அரிதாக ஒலிப்பதாற் சிறக்கின்றது; இங்கே தவறாது ஒலிப்பதாற் சிறக்கின்றது. இரண்டும் கலையே. ஒன்றின் இயல்பை மற்றதன் மேல் ஏற்றுவதே பிழை.

அப்பிழையை நாம் இன்று செய்துவருகின்றோம் என்பதே என் குறை. கல்லூரி விழாக்களில் நன்கு பாடுபவர் பாட, நன்கு கொட்டுபவர் கொட்ட, ஒன்றும் அறியாத சிறுவன் கையிலே தாளம் கொடுக்கப்படுகின்றது. அவன் தன் விருப்பப்படி இடையிடையே அணிசெய்கின்றான். ஒலிவாங்கியை அவன் கைக்கருகில் வைத்துவிட்டால், வெண்கலக் கடைக்குள் யானை புகுந்த கதைதான். ஒலிக்கும் அடி, அடக்கும் அடி என்னும் வேறுபாடே இல்லாமல் எல்லா அடியும் ஓரடியாகின்றது. அடக்கத் தெரியாத கைக்கு ஒலிக்கவும் தெரியாது. ஆலயங்கள் பலவற்றில் மேளமும் மணியும் தாளமும் மின்விசைப் பொறியாகிவிட்டன. தீபம் உயரும்போது விரைவதும், அடியார் உருகும்போது தணிவதும் அப்பொறிக்கு இயலுமோ? அது காலத்தை எண்ணும், கணத்தை அறியாது.

சிற்றாலயங்கள் மேளகாரருக்கு ஊதியம் கொடுக்க வழியின்றியே பொறியை நாடின என்பர். அதனை மறுத்தற்கில்லை, அவர்தம் இடரை உணராது பழித்தல் நேர்மையுமன்று. ஆயின் கருவிகள் அனைத்திலும் எளிதாகப் பெறத்தக்கது தாளமேயன்றோ? உள்ளங்கையில் அடங்கும் இரு வெண்கலத் தட்டுகளும் கற்ற ஒரு மாணவனும் போதும். தேவாரம் ஓதும் வேளையிலாவது பொறியை நிறுத்தி, அவன் கையால் காலம் காட்டலாம். அதற்கு அவன் கற்றிருத்தல் வேண்டும். ஆகவே நம் கல்லூரிகளில் தாளத்தை இளையோர் கையிலிருந்து எடுத்து மூத்த மாணவர் கையில் கொடுப்போமாக. பாடலுக்கும் மத்தளத்துக்கும் பரிசு வைப்பதுபோல அதற்கும் வைப்போமாக. அவனை மேடையின் ஓரத்தினின்று நடுவுக்குக் கொணர்வோமாக.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இப்போது விடை கூறலாம். உலோகம் அதிர்வைத் தரும். வடிவம் சுருதியைத் தரும். எப்போது ஒலிப்பது, எப்போது அடங்குவது என்றறிந்த கையே அவற்றை ஓசையாக்குவது. பொற்றாளம் பெற்ற பிள்ளையாரின் கை, தாளம் கிடைப்பதற்கு முன்னரே காலம் அறிந்த கை. அத்தகைய கைக்கே அம்மை ஓசை கொடுத்தாள்.