கடிபட்டவளும் ஊரும்

பேய்க்கதையென்றால் ஒதுக்கிவிடுகிறவன் நான். ஹிதேயுகி கிகுச்சி 1983இல் எழுதிய ‘வெம்பயர் ஹன்டர் டி’ நாவலை, கெவின் லேஹியின் ஆங்கில மொழிபெயர்ப்பில் (2005) ஒரே மூச்சில் வாசித்து முடித்தேன்.

கதை நிகழ்வது கி.பி. 12090இல். இரத்தக் காட்டேரிகளே அங்கு பிரபுக்கள். ஆனால் என்னை நடுங்க வைத்தவர் பிரபு லீ அல்லர். அவரிடம் கடிபட்ட டோரிஸ் கழுத்துக் காயத்தை மறைத்துத் திரிகிறாள். அவளை அடையத் துடிக்கும் ஊர்த்தலைவரின் மகன் அதை அம்பலப்படுத்துகிறான். நேற்றுவரை பழகிய சனமே அவளை விலக்கிவைக்கத் துணிகிறது. அவளைக் காக்க வரும் ‘டி’யும் பாதி மனிதன், பாதி காட்டேரி, ஊருக்கு ஆகாதவன்தான்.

சண்டைகள் அளவுக்கு மிஞ்சியவை. நாயகனோ மௌனி. அவன் இடக்கையில் குடியிருக்கும் முகம்தான் வாயாடி. அதன் குசும்புக்காகவே சில பக்கங்களை மீண்டும் புரட்டினேன்.